வினைக்கு முன்னால் நிற்பவர்: ஜார்ஜிய மொழியின் முன்னொட்டுகள்

ஜார்ஜிய மொழி (அவர்கள் சொல்வது 'கார்த்துலி') கற்க ஆரம்பிப்பவர்களிடம் இலக்கண நூல்கள் முதலில் ஒரு பட்டியலை நீட்டுகின்றன. அ என்றால் மேலே, சா என்றால் கீழே, ஷெ உள்ளே, க வெளியே, கத குறுக்கே கடந்து. 'திஸ்' என்ற போக்குவரத்து வினையின் முன்னால் இவற்றை ஒட்டினால் அதிஸ் (ஏறுகிறான்), சாதிஸ் (இறங்குகிறான்), ஷெதிஸ் (உள்ளே போகிறான்), கதிஸ் (வெளியே போகிறான்) என்றாகும். மனப்பாடம் செய்தால் ஆயிற்று என்றுதான் தோன்றும். ஆனால் இந்தப் பட்டியல் முக்கியமான ஒன்றை மறைத்துவிடுகிறது. திசை என்பது யாருடைய திசை?

இந்தக் கேள்வியைக் கொண்டுவருபவை மி, மோ என்ற இரண்டு ஒட்டுகள். மிதிஸ் என்றால் போகிறான், மோதிஸ் என்றால் வருகிறான். வினையடி ஒன்றேதான், பேசுபவர் நிற்கும் இடம்தான் வேறு. இந்த மோ மற்ற ஒட்டுகளோடும் சேரும். ஷெதிஸ் என்று சொல்பவர் அறைக்கு வெளியே நிற்கிறார். ஷெமோதிஸ் (உள்ளே வருகிறான்) என்று சொல்பவர் அறைக்குள் இருக்கிறார். ஆக, ஒரு ஜார்ஜிய வாக்கியத்தில் நடந்தது என்ன என்பதோடு, சொல்பவர் எங்கே நின்றுகொண்டு சொல்கிறார் என்பதும் பதிவாகிவிடுகிறது. நடுநிலைக் கதைசொல்லி என்று ஒருவரை இங்கே கற்பனை செய்வது கொஞ்சம் கஷ்டம்தான்.

மோ என்பது 'என்னை நோக்கி' மட்டுமல்ல, 'உன்னை நோக்கி'யும்தான். தொலைபேசியில் நண்பரிடம் 'மோவ்திவார்' என்றால் 'உன்னிடம் வருகிறேன்'. நமக்கு இது புதிதில்லை. தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் செலவு, வரவு, தரவு, கொடை என்ற நான்கையும் எடுத்துக்கொண்டு, வரவும் தரவும் தன்மை முன்னிலைக்கு, மற்ற இரண்டும் படர்க்கைக்கு என்று பிரிக்கிறது. ஜார்ஜியத்தில் 'கொடு' வினையின் இறந்தகாலத்தைப் பாருங்கள்: மோம்த்ஸா (எனக்குத் தந்தான்), மோக்த்ஸா (உனக்குத் தந்தான்), மிஸ்த்ஸா (அவனுக்குக் கொடுத்தான்). அப்படியே அந்தப் பாகுபாடு! இரு மொழிகளுக்கும் உறவு என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம், உறவு கிடையாது. தமிழ் இரண்டு வேர்களை வைத்துச் செய்ததை ஜார்ஜியம் ஒட்டை மாற்றிச் செய்கிறது, அவ்வளவுதான். நாம் இன்று 'எனக்குக் குடு' என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அவர்கள் அந்த இடத்தில் இன்னும் மோ போட்டாக வேண்டும்.

இதை வெறும் இலக்கண நுணுக்கம் என்று ஒதுக்க முடியாது. 'சஹ்லி' என்றால் வீடு. அதிலிருந்து தசஹ்லெபா (குடியமர்தல்), கசஹ்லெபா (வெளியேற்றுதல்), கதசஹ்லெபா (நாடு கடத்தல், வேறிடம் பெயர்தல்), கத்மோசஹ்லெபா (இங்கே குடிபெயர்ந்து வருதல்). 1944 நவம்பரில் தென்மேற்கு ஜார்ஜியாவின் மெஸ்கெத்தி பகுதியிலிருந்து முஸ்லிம் மக்களை ஸ்டாலின் அரசு மத்திய ஆசியாவுக்கு ரயிலேற்றி அனுப்பியது. திபிலிசியில் இருந்துகொண்டு அதைச் சொல்பவருக்கு அது 'கத'. உஸ்பெகிஸ்தானில் பிறந்த பேரப்பிள்ளை அந்த ஊரை 'இங்கே' என்று கொண்டு அதே கதையைச் சொன்னால் 'கத்மோ' வரும். ரயில் ஒன்றுதான். மொழிபெயர்ப்பில் இரண்டும் 'குடிபெயர்ப்பு' என்று தட்டையாகிவிடும். ஒட்டைக் கவனிக்காத மொழிபெயர்ப்பாளர் யார் பக்கம் நின்று எழுதுகிறோம் என்று தெரியாமலே எழுதிக்கொண்டிருப்பார்.

இனி மாணவர்களைத் திணறடிக்கும் விஷயம். பல வினைகளில் இந்த ஒட்டு திசையை இழந்து, காலத்தையும் முடிவையும் காட்டத் தொடங்கிவிட்டது. வ்த்ஸெர் என்றால் எழுதுகிறேன். முன்னால் த சேர்த்து தவ்த்ஸெர் என்றால் எழுதுவேன், எழுதிவிடுவேன். நாம் 'விடு' என்று பின்னால் வைப்பதை அவர்கள் முன்னால் வைக்கிறார்கள். பழைய ஜார்ஜியத்தில் ஒட்டுக்கு முதன்மை வேலை திசை காட்டுவதுதான். ஒட்டுக்கும் வினைக்கும் நடுவே சிறு சொல் ஒன்று நுழையவும் அப்போது இடமிருந்தது. காலம் காட்டும் வேலை பிற்பாடு வளர்ந்தது. எந்த வினைக்கு எந்த ஒட்டு என்பதற்கு ஒரே விதி இல்லை: எழுதுவதற்கு த, தின்பதற்கு ஷெ, செய்வதற்கு க. ஆகவே வினையைத் தனியாகப் படிக்காமல் ஒட்டோடு ஜோடியாகவே படிக்க வேண்டும்.

ஒட்டை மாற்றினால் பொருளே மாறிவிடுவதும் உண்டு. எழுதுவதில் கத சேர்ந்தால் படியெடுத்தல், சா சேர்ந்தால் பதிவு செய்தல், மி சேர்ந்தால் ஒருவருக்கு எழுதுதல். சாவதற்கும் கொல்வதற்கும் சேரும் ஒட்டு மோ. அங்கே 'வருதல்' எதுவும் இல்லை. தேடிப் பொருள் கற்பிக்கவும் வேண்டாம்.