திருடன் கண்ணுக்குத் தெரியாத விளக்கு!

இரவு மணி 2. ஊரே உறங்குகிறது. வாசலில் யாரோ நடக்கும் சத்தம். வந்தது யார்? காற்றா, நாயா, திருடனா?

கடலூர் மாவட்டத்தில், பண்ருட்டிக்குப் பக்கத்தில் உள்ளது அண்ணாகிராமம். இது முந்திரியும் பலாவும் விளையும் வட்டாரம். தோப்பை ஒட்டிய வீடுகளில் இரவு வந்தால் கும்மிருட்டுதான். பிள்ளைகள் வெளியூரில் வேலை பார்ப்பார்கள். வீட்டில் வயதான தாய் தந்தையர் மட்டும் இருப்பார்கள். அவர்களுக்குத் துணையாக வாசலில் கேமரா மாட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது.

பகலில் கேமரா நன்றாகப் பார்க்கிறது. இரவில்? சில வீடுகளில் ஒரே கறுப்பு. சில வீடுகளில் ஒரே வெள்ளைப் புகை. ஆள் வந்தது தெரியும், முகம் தெரியாது!

இந்தக் குறையைப் போக்க ஒரு விளக்கு இருக்கிறது. அது எரிந்தாலும் நம் கண்ணுக்கு வெளிச்சம் தெரியாது!

சிவப்புக்கு அப்பால்

1800-ம் ஆண்டு. இங்கிலாந்தில் வில்லியம் ஹெர்செல் என்ற வானநூல் அறிஞர், சூரிய ஒளியை முப்பட்டைக் கண்ணாடியில் பாய்ச்சினார். வானவில் நிறங்கள் விழுந்தன. ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்தார். சிவப்பைத் தாண்டி, நிறமே இல்லாத இடத்திலும் வைத்தார். அங்கேதான் சூடு அதிகம்! கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதிர்தான் அகச்சிவப்புக் கதிர்.

நம் கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்குத் தெரியும். வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். டி.வி. ரிமோட்டின் முனையைச் செல்போனின் முன்பக்கக் கேமராவுக்கு எதிரே நீட்டிப் பொத்தானை அழுத்துங்கள். பல செல்போன்களில், திரையில் ஒரு சிறு விளக்கு மினுக்கும்!

எதை வாங்குவது?

இந்த விளக்கில் இரண்டு வகை உண்டு. 850 என்று எண் போட்டது ஒன்று. இதில் தூரம் நன்றாகத் தெரியும். ஆனால் விளக்கின் முகத்தில் மங்கலான சிவப்பு தெரியும். 940 என்பது மற்றொன்று. இதில் சிவப்பும் தெரியாது. ஆனால் தூரம் குறையும்.

எங்கே மாட்டுவது?

கேமராவிலேயே விளக்கு இருந்தால் பூச்சிகள் சுற்றும். சிலந்தி வலை கட்டும். வலை பளீரென்று ஒளிர்ந்து, படத்தை மறைத்துவிடும். ஆகவே தனி விளக்கு வாங்கி, கேமராவுக்குச் சில அடி தள்ளி மாட்டுங்கள். கேமராவில் உள்ள விளக்கை அணைத்துவிடுங்கள்.

பக்கத்துச் சுவரிலோ தூணிலோ விளக்கு படக்கூடாது. பட்டால் சுவர் வெளுத்து, மற்ற இடம் இருண்டுவிடும்.

தூரத்தையும் கவனியுங்கள். 10 அடியில் விழும் வெளிச்சத்தில் கால் பங்குதான் 20 அடியில் விழும். ஆகவே ஆள் வரும் வழியை நோக்கி விளக்கைத் திருப்புங்கள்.

இருட்டில் எரிகிற இந்த விளக்கை அருகில் நின்று உற்றுப் பார்க்காதீர்கள். குழந்தைகளையும் பார்க்க விடாதீர்கள்.

சட்டை நிறத்தை நம்பாதீர்!

இந்த வெளிச்சத்தில் எடுக்கும் படம் கறுப்பு வெள்ளையாகவே வரும். சில கறுப்புத் துணிகள் அதில் வெள்ளையாகத் தெரியும்! "வெள்ளைச் சட்டைக்காரன்தான் வந்தான்" என்று சொல்லி, குற்றமற்ற ஒருவரை மாட்டிவிடக் கூடாது. முகம், நடை, உயரம் ஆகியவற்றைப் பாருங்கள்.

மின்சாரம் நின்றால் கேமராவும் குருடுதான். 2011 டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயல் கடலூர் மாவட்டத்தையே இருளில் தள்ளியதை யார் மறப்பார்கள்? ஆகவே கேமராவுக்கும் விளக்குக்கும் சேர்த்து பாட்டரி வையுங்கள்.

கேமராவைப் பக்கத்து வீட்டு முற்றத்தை நோக்கித் திருப்பாதீர்கள். ஆபத்தில் முதலில் ஓடி வருபவர் அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான்!