பண்டிகை நாளில் ஏற்காட்டு வீடு பூட்டிக் கிடக்கலாமா?

செவ்வாய்ப்பேட்டையில் மளிகைக் கடையும் மண்டியும் வைத்திருப்போரில் சிலர், கையில் நாலு காசு சேர்ந்ததும் ஏற்காட்டில் இடம் வாங்கி, சமையலறையோடு சிறு வீடு கட்டி, நாள் வாடகைக்கு விடுகிறார்கள். ஏறத்தாழ 30 கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவு. போட்ட முதல் கண்ணெதிரே இருக்கிறது என்ற தெம்பு. மே மாதம் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும்போது வீடு தானாக நிரம்பிவிடும். அதற்கு யாருடைய யோசனையும் வேண்டாம். ஆயுத பூஜையில் தொடங்கிப் பொங்கல் வரையிலான விடுமுறைகளில்தான் சிக்கல். அப்போது வீடு பூட்டிக் கிடந்தாலும் வங்கி வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இந்த நாட்களில் ஓட்டலோடு போட்டி போட முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. தீபாவளியன்று ஓட்டல் அறையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, பலகாரம் சுட்டுச் சாப்பிட முடியுமா? பொங்கல் பானையை எந்த ஓட்டல் வராந்தாவில் வைப்பது? பண்டிகைக்கு அடுப்பு வேண்டும். வயதான தாயாரையும் கைக்குழந்தையையும் அழைத்துவரும் குடும்பம் முதலில் விசாரிப்பதே அடுப்பைத்தான். அப்படியிருக்க, விளம்பரத்தில் ஏரியையும் கட்டிலையும் மட்டும் படம் போடுகிறோம். சமையலறையைத் துடைத்துவைத்து, பாத்திரங்கள் தெரியும்படி ஒரு படம் போட்டாலே விசாரிக்கும் தொலைபேசிகள் வேறு மாதிரி வரும்.

சமையலறையில் என்ன இருக்க வேண்டும்? குக்கர் கட்டாயம். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாகும். மிக்சி, இட்லிச் சட்டி, வாணலி, தோசைக்கல் வேண்டும். குளிருக்கு வெந்நீர் வசதியும், தீபாவளிக்கு நல்லெண்ணெயும் சீயக்காயும் இருக்கட்டும். பொங்கலுக்கு முற்றத்தில் மூன்று செங்கல், உலர்ந்த விறகு. விறகைக் கீழிருந்தே கொண்டுபோங்கள், காட்டில் கை வைக்க வேண்டாம். கேஸ் விஷயத்தில் கவனம் தேவை. வீட்டு உபயோகத்துக்கான 14.2 கிலோ சிலிண்டரை வாடகை வீட்டில் வைப்பது சட்டப்படி தவறு. 19 கிலோ வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும்.

நம் மளிகைக்காரர்களுக்கு வேறு யாருக்கும் இல்லாத ஒரு வசதி உண்டு. ஆறு பேர் இரண்டு நாள் தங்கினால் எவ்வளவு அரிசி, எவ்வளவு துவரம்பருப்பு, எண்ணெய், வெல்லம் என்று நமக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லத் தெரியும். மலைக்கடையில் லாரி வாடகை சேர்ந்து விலை ஏறியிருக்கும். லீ பஜார் விலையில் கட்டிய மளிகைக் கட்டு ஒன்று வீட்டில் தயாராக இருக்கும் என்று முன்பதிவின்போதே சொல்லுங்கள். இஷ்டமிருப்பவர் வாங்கிக்கொள்ளட்டும், வற்புறுத்தினால் பெயர் கெடும். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை இருப்பதால், கட்டை மஞ்சள் பையிலேயே கொடுத்துவிடலாம். கடைப் பெயரை அதில் அச்சிட்டால் அந்தப் பை பெங்களூர் வரை போகும்.

வரியை மறந்துவிடக் கூடாது. கடைக்கு ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் அதே பான் எண்ணில் வீட்டை நாள் வாடகைக்கு விட்டால், சின்னத் தொகைதானே என்று ஒதுக்கிவிட முடியாது. நாளுக்கு 1,000 ரூபாய் வரையிலான அறைக்கு இருந்த விலக்கு 2022 ஜூலை 18-ல் போய்விட்டது; 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரை 5 சதவீதம், உள்ளீட்டு வரிக் கழிவு இல்லை. அதற்குமேல் 18 சதவீதம். காம்பவுண்டிங் முறையில் இருப்பவர்கள் ஆடிட்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

முன்பணம் வாங்கும்போதே, திருப்பித் தருவது எப்போது, எவ்வளவு என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அம்மாதிரி நேரத்தில் முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுப்பதோ, வேறு தேதி கொடுப்பதோதான் வியாபாரம். வர முடியாதவரிடம் முன்பணத்தைப் பிடித்துக்கொண்டால் அடுத்த வருடம் அவரும் வரமாட்டார், அவர் தங்கையும் வரமாட்டார். அதேபோல, தீபாவளியன்று பட்டாசுக்கு 2018 முதல் காலை ஒரு மணி நேரம், மாலை ஒரு மணி நேரம்தான் என்பதையும், காட்டோரம் வெடிக்கக் கூடாது என்பதையும் முன்னதாகவே சொல்லிவைப்பது நல்லது.

கடைசியாக ஒரு நடைமுறைச் சங்கடம். தீபாவளிக்கு முந்தைய வாரம் கல்லாவை விட்டு நாம் எழுந்திருக்க முடியாது. வீட்டுக்காக வரும் தொலைபேசியை எடுக்க ஆளிருக்காது. இரண்டு முறை அடித்துப் பார்த்துவிட்டு அந்தக் குடும்பம் வேறு வீட்டுக்குப் போய்விடும். இதற்கென்று தனி எண் வைத்து, பொறுப்பான மகளிடமோ மருமகனிடமோ கொடுத்துவிடலாம். கணக்கு நோட்டில் சென்ற மே மாதம் வந்தவர்களின் எண்கள் இருக்கும். புரட்டாசி பிறந்ததும் அவர்களுக்கு முதலில் பேசட்டும். புது ஆட்களுக்கு விளம்பரம் செய்வது அதற்குப் பிறகு.