பாலும் பதிவும்

தமிழிலக்கணம் சொற்களை உயர்திணை, அஃறிணை எனப் பகுத்து, உயர்திணையை ஆண்பால், பெண்பால், பலர்பால் என மூன்றாக வகுத்தது. இப்பகுப்பினுள் எளிதில் அடங்காத மக்கள் உளர் என்பதை இலக்கணஞ் செய்தார் அறியாதாரல்லர். தொல்காப்பியர் கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே அவர்களை எடுத்துப் பேசுகின்றார். பேடி என்னும் பெயர்க்கெனத் தனியீறு இல்லை, அஃது உயர்திணைக்குரிய ஈறுகளையே கொள்ளும், ஆயினும் ஆண்பாற் சொல்லோடு முடிதல் அதற்குப் பொருந்தாது என்பன அவர் வகுத்த விதிகள். பல நூற்றாண்டுகள் கழிந்து வந்த நன்னூலார் இன்னும் ஒருபடி சென்றார். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவாரை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவாரைப் பெண்பாலாகவும் கொள்ள வேண்டும் என்பது அவர் கருத்து. உடலன்று, அவாவே இங்கு அளவுகோல். எனினும், அதே சூத்திரத்தின் இறுதியில் இவ்விரு சாராரையும் அஃறிணைபோலக் கூறுதலும் ஆகும் என்று அவரே மற்றொரு வாயிலையும் திறந்து வைத்தார். சமுதாயம் நெடுங்காலம் நுழைந்தது அந்த வாயில் வழியேதான்.

இன்று இவ்வழக்கு இலக்கண ஏட்டிலிருந்து அரசாங்கப் பதிவேட்டிற்கு மாறியிருக்கின்றது. திருநங்கையரும் திருநம்பியரும் தமக்கென வேண்டி நிற்பது எத்தகையது என்பதை விளக்க, இலங்கைத் தேசிய அடையாள அட்டையின் எண் ஒன்றே போதும். 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின் வழி வந்த இவ்வட்டையிலுள்ள எண் வெறும் வரிசையெண் அன்று. அதன் முதற்பகுதி பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று இலக்கங்கள், அவ்வாண்டில் எத்தனையாவது நாளிற் பிறந்தார் என்பதைக் காட்டும். பெண்ணாயின் அந்நாளெண்ணோடு 500 கூட்டப்படும். 1990ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாந் தேதி பிறந்த ஆணுக்கு 032 என்றும், அதே நாளிற் பிறந்த பெண்ணுக்கு 532 என்றும் அமையும். ஆகவே இந்நாட்டில் ஒருவரின் பால் அவருடைய எண்ணுக்குள்ளேயே பொறிக்கப்பட்டுள்ளது. பெயரை மாற்றினாலும், உடையை மாற்றினாலும், எண் பழைய கதையையே சொல்லிக்கொண்டிருக்கும்.

இதன் விளைவு திருகோணமலை போன்றதொரு துறைமுக மாவட்டத்திற் சிறிதன்று. கோட்டை வாயிலைக் கடந்தே கோணேசர் கோயிலை அடைய வேண்டிய ஊர் இது. போர்க்காலத்திற் சாவடிதோறும் அடையாள அட்டையை நீட்டியே மக்கள் நடமாடினர். பெண்ணுருவில் நிற்பவர் ஆணின் எண்ணைக் காட்ட நேர்ந்தால், ஐயத்திற்குள்ளாவதற்கு வேறு காரணம் வேண்டுமோ? போர் 2009இல் முடிந்தது. அட்டையின் ஆட்சி முடியவில்லை. சீனன்குடாவிலுள்ள ஆலைகளில் வேலைக்குச் சேர்வதாயினும், ஊழியர் சேமலாப நிதியில் உறுப்பினராவதாயினும், வங்கியிற் கணக்குத் திறப்பதாயினும், கடவுச்சீட்டுப் பெறுவதாயினும் முதலிற் கேட்கப்படுவது அவ்வெண்ணே. அதற்கு முகங்கொடுக்க அஞ்சுவோர் கணக்கிற் சேராத கூலி வேலைகளிலேயே ஒதுங்கிவிடுகின்றனர். வறுமை இவர்களிடம் வந்து சேரும் வழிகளுள் இஃதொன்று.

இந்நிலையை மாற்ற முன்வந்தோர் பாதிக்கப்பட்டோரே. 2016ஆம் ஆண்டிற்கு முன்னர், பால் மாறியோர் தம் பிறப்புச் சான்றிதழைத் திருத்துவதற்கென இலங்கையில் ஒழுங்கான நடைமுறை இருக்கவில்லை. விண்ணப்பித்தோர் வைத்தியசாலைக்கும் பதிவாளர் அலுவலகத்திற்குமிடையே அலைக்கழிக்கப்பட்டனர். அவர்களின் முறையீடு இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவை எட்டியது. ஆணைக்குழுவும் அதனைச் செவிமடுத்தது. அதன்பின் 2016இற் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கையினால், மனநோய் வைத்திய நிபுணரின் மதிப்பீட்டின்மேற் பாலின அங்கீகாரச் சான்றிதழ் வழங்கப்படலாயிற்று. அச்சான்றிதழைக் கொண்டு பிறப்புப் பதிவைத் திருத்தவும், அதன்வழி அடையாள அட்டையைப் புதுப்பிக்கவும் வழி பிறந்தது. சுற்றறிக்கை ஒன்று சட்டமாகாது என்பது உண்மையே. எனினும், அதுவரை கருணையாக இரந்து பெற வேண்டியிருந்த ஒன்றை உரிமையாகக் கேட்பதற்கு அஃது ஓர் ஆதாரமாயிற்று. ‘வெனச’ என்னும் வலையமைப்புப் போன்ற, இம்மக்கள் தாமே நடத்தும் அமைப்புகள், இந்நடைமுறையை ஏனையோர்க்கு எடுத்துரைக்கும் பணியையும் மேற்கொண்டன. 2022ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் யாழ்ப்பாண வீதிகளில் நடந்த ஊர்வலம் இக்கோரிக்கையைத் தமிழ் மண்ணிலும் வெளிப்படையாக ஒலித்தது.

பதிவேட்டின் கதவு திறந்தபோதும் தண்டனைச் சட்டத்தின் நிழல் நீங்கவில்லை. 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும், 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையிலுள்ள 399ஆம் பிரிவும் ஆங்கிலேயர் விட்டுச்சென்றவை. பின்னது ஆள்மாறாட்டத்தால் வஞ்சிப்பதைப் பற்றியது. தாம் யார் என்பதை மறையாது வாழ முயல்வோர்மீது ஆள்மாறாட்டப் பிரிவை ஏவுவது விந்தையிலும் விந்தை.

பாக்கு நீரிணைக்கு அப்பாலுள்ள தமிழ்நாட்டில் இதே வழக்கு வேறு வாயிலால் நுழைந்தது. அங்கே முதலிற் போராட நேர்ந்தது குடும்ப அட்டைக்காக. அரிசியும் மண்ணெண்ணெயும் அவ்வட்டைக்கே கிடைக்கும். அட்டையோ குடும்பத்திற்கே கிடைக்கும். பிறந்த வீட்டாராற் புறக்கணிக்கப்பட்டு, மூத்த திருநங்கை ஒருவரைத் தாயாகக் கொண்டு கூடிவாழ்வோரை எந்த அதிகாரியும் குடும்பம் என ஏற்றிலர். இம்மக்களின் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடியதன் பயனாக, 2008ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் அவர்களுக்கென நலவாரியம் ஒன்றைத் தமிழ்நாட்டரசு நிறுவியது. அதில் அதிகாரிகளோடு அச்சமூகத்தினரும் உறுப்பினராயினர் என்பதே அதன் தனிச்சிறப்பு. குடும்ப அட்டை, வீடு, தொழிற்கடன், அரசு மருத்துவமனையிற் கட்டணமின்றி அறுவைச் சிகிச்சை ஆகியன படிப்படியாக வந்தன. வசையாக வழங்கிய பழைய பெயர்கள் விலகி, கூவாகத்துக் கூத்தாண்டவர் திருவிழாவோடு தொடர்புடைய அரவாணி என்னும் பெயரும், அதன்பின் திருநங்கை என்னும் பெயரும் அரசாணைகளில் ஏறின.

சரியாக ஆறாண்டுகள் கழித்து, 2014ஆம் ஆண்டு அதே ஏப்ரல் 15ஆம் நாள், இந்திய உச்ச நீதிமன்றம் தேசியச் சட்டப்பணிகள் ஆணையம் தொடுத்த வழக்கிலே தீர்ப்பளித்தது. ஒருவர் தம் பாலினத்தைத் தாமே தெரிவிக்கும் உரிமை உடையர், அதற்கு அறுவைச் சிகிச்சையை நிபந்தனையாக்கலாகாது என்பது அத்தீர்ப்பின் உயிர்நிலை. நன்னூலார் கூறிய அவா நீதிமன்றத்தின் மொழியில் மீண்டும் எழுந்தது போலும்! தீர்ப்பு வந்ததாலே அலுவலகங்கள் உடனே திருந்திவிடவில்லை. காவற்றுறை உதவி ஆய்வாளர் பதவியை நாடிய கி. பிரித்திகா யாசினியின் விண்ணப்பம் மறுக்கப்பட்டது. படிவத்திலே அவருக்குரிய நிரல் இருக்கவில்லை. 2015 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. 2017இல் அவர் பதவியேற்றார். பின் 2019ஆம் ஆண்டு ஏப்ரலில், அந்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தூத்துக்குடியில் ஆணொருவருக்கும் திருநங்கைக்கும் நடந்த திருமணத்தைப் பதிவுசெய்யப் பணித்தது.

அவ்வாண்டிலேயே இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பாலின அடையாளச் சான்றிதழை மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்துப் பெறுமாறு விதித்தபோது, தாமே உணர்ந்ததற்குப் பிறர் சான்று எதற்கு என்று இச்சமூகத்தார் எதிர்த்தனர். இலங்கை ஏற்பாட்டின் சிக்கலும் இதுவே. அங்கே மாவட்ட ஆட்சியர். இங்கே மனநோய் வைத்திய நிபுணர். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022 முதல் நடைமுறைப்படுத்திய நோய்ப் பகுப்பின் பதினோராம் பதிப்பு, இந்நிலையை மனநோய்களின் அதிகாரத்திலிருந்தே நீக்கிவிட்டது. நோயன்று என அறிவியல் கூறிய ஒன்றிற்கு மனநோய் வைத்தியரின் கையொப்பம் ஏன் என்னும் வினா நியாயமானதே. ஆயினும், அக்கையொப்பம் இன்றேல் எண்ணில் நிற்கும் 032 ஒருநாளும் 532 ஆகாது என்பதை அறிந்த பலர், கொள்கையை ஒருபுறம் வைத்துவிட்டுச் சான்றிதழையே முதலிற் பெற விழைகின்றனர். வேலை கேட்டு நிற்பவர்க்கு அதனினும் அவசரமானது வேறில்லை. கொழும்பிலிருந்து ஏறக்குறைய 260 கிலோமீற்றர் தொலைவிலுள்ள திருகோணமலையில் அதற்கான வழியைத் தமிழிலும் சிங்களத்திலும் எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். வைத்தியசாலைக்கும் பிரதேச செயலகத்திற்கும் உடன்வர ஒரு துணை வேண்டும். அத்துணையாக வருதற்கு மிகத் தகுந்தவர், முன்னர் அவ்வழியே சென்று தம் எண்ணை மாற்றிப் பெற்றவரே.