குறிப்பு எழுதலாம் வாங்க!



குறிப்பு எழுதுவது படிச்சவங்க வேலை என்று நினைக்கிறோம். எங்க அம்மாச்சிக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஆனால் பால் கணக்கை அடுப்படிச் சுவரில் கரிக்கோடு போட்டு வைப்பாங்க. ஒரு கோடு என்றால் அரை லிட்டர். மேலே குறுக்குக் கோடு விழுந்தால் பணம் வந்துடுச்சு என்று அர்த்தம். அதுவும் குறிப்புதானே! பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போதுதான் அதற்கு ஆபத்து.

நம்ம தமிழில் பெரிய நாட்குறிப்பு எழுதியவர் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 1736-ல் ஆரம்பித்து 1761-ல் இறக்கும் வரை எழுதினார். என்ன கப்பல் வந்தது, என்ன சரக்கு இறங்கியது, யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்று எல்லாம் இருக்கிறது. 1748-ல் வேதபுரீஸ்வரர் கோவில் இடிக்கப்பட்டதைக்கூட எழுதி வைத்திருக்கிறார். அவர் ஒன்றும் புத்தகம் போட எழுதவில்லை. ஆனால் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது 12 தொகுதி வந்தது!

இப்போது நம்ம கதைக்கு வருவோம். எங்க அம்மா மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கப் போறாங்க. கூலி கிலோ கணக்கு. தினமும் காலையில் எடை போடுவாங்க, பணம் சனிக்கிழமை மொத்தமாக. போன வருடம் ஒரு வாரம் 19 கிலோ என்று அம்மா சொன்னாங்க. தோட்டக்காரர் நோட்டில் 16 என்று இருந்தது. "நோட்டுல உள்ளதுதான் கணக்கு" என்று சொல்லிவிட்டார். அம்மா பதில் பேசாமல் வந்துட்டாங்க.

அதற்குப் பிறகு ஒரு குட்டி நோட்டு வாங்கினோம். தேதியும் கிழமையும் முதல் நாள் ராத்திரியே நான் எழுதி வைப்பேன். எடை போட்ட இடத்திலேயே அம்மா எண்ணை மட்டும் எழுதுவாங்க. பேனா வேண்டாம், பென்சில்தான். விடியக்காலைப் பனியில் கை நனைஞ்சிருக்கும், மை கரைஞ்சுடும். தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது, ஒரு கோடு அடித்துப் பக்கத்தில் எழுதணும். அழித்த கணக்கை யாரும் நம்ப மாட்டாங்க.

மூன்றாவது வாரம் மறுபடியும் மூணே கால் கிலோ குறைந்தது. அம்மா நோட்டை நீட்டினாங்க. இரண்டு நோட்டையும் வரிவரியாகப் பார்த்ததில் அவர் நோட்டில் வெள்ளிக்கிழமையே இல்லை! பணம் வந்துடுச்சு. இப்போது கூட வேலை பார்க்கிற அக்கா நாலு பேரும் நோட்டு வைத்திருக்காங்க.

போனிலும் குறிப்பு எழுதலாம். 2013-ல் வந்த கூகுள் கீப் ரொம்ப எளிது. கடைச் சாமான் பட்டியல் போட்டால் வாங்கியதை டிக் அடிக்கலாம். நேரம் குறித்து வைத்தால் ஞாபகப்படுத்தும். அதே கணக்கை வேறு போனில் திறந்தாலும் குறிப்பு வந்துடும். 2017-லிருந்து கூகுள் விசைப்பலகையில் தமிழில் பேசினாலே எழுத்தாக வருது. ஆனால் "மூணே கால்" என்று சொல்லிவிட்டு என்ன விழுந்திருக்கு என்று ஒரு தடவை பாருங்கள். கம்ப்யூட்டரில் அடிக்க 1999-ல் அறிவித்த தமிழ்99 விசைப்பலகை இருக்கு. உயிரெழுத்து எல்லாம் இடது கைக்கு, மெய்யெழுத்து பெரும்பாலும் வலது கைக்கு. எனக்கு இது பிடிக்கும்.

நாலு பேர் படிக்கணும் என்றால் வலைப்பூ. ப்ளாக்கர் 1999-ல் வந்தது, 2003-ல் கூகுள் வாங்கியது. காசு இல்லை. புதுசாக எழுதியது மேலே வரும், பழசு கீழே போகும். நம்ம சுவர்ப் பத்திரிகையும் அப்படித்தான், என்ன, இங்கே பழசு மேலேயே புதுசை ஒட்டிடுறோம்! நம்ம வயதுக்காரர்கள் வீட்டில் கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்கணும். போன் நம்பர், வீட்டு விலாசம், தினமும் போகிற வழி எதையும் போடக் கூடாது.

இன்னொன்று. வலையில் போட்டால் என்றைக்கும் இருக்கும் என்று நம்பாதீர்கள். லட்சக்கணக்கானோர் பக்கம் வைத்திருந்த ஜியோசிட்டீஸை 2009-ல் யாஹூ மூடியது. கூகுள் பிளஸ் 2019-ல் போயிடுச்சு. ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பை 1846-ல் கண்டுபிடித்த பிறகு பிரதி எடுத்தார்கள். ஒரு பிரதி இன்றும் பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. நாமும் பிரதி எடுக்கணும். ப்ளாக்கர் அமைப்புகளில் எழுதியதை எல்லாம் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ள வழி இருக்கு. நோட்டு என்றால் சனிக்கிழமை தோறும் அந்த வாரப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வைத்தால் போதும். போட்டோவில் தேதி தெரிகிற மாதிரி எடுங்கள்.