பழைய லேப்டாப்பும் நமக்குத் திறக்கும்

நூறு நாள் வேலைக் கூலியிலிருந்து அம்மா சேர்த்து வைத்த ஏழாயிரம் ரூபாய். அதைக் கொடுத்துத் திருவண்ணாமலை நகரத்தில் ஒரு பழைய லேப்டாப் வாங்கினார், தண்டராம்பட்டு பக்கத்துக் காலனியைச் சேர்ந்த கல்லூரி மாணவி ஒருவர். கல்வி உதவித்தொகைக்கு இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், போட்டித் தேர்வுக்குப் படிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

பத்தே நாளில் லேப்டாப் முடங்கியது. கறுப்புத் திரையில், இயங்குதளம் உள்ள ஹார்ட் டிஸ்க் எதுவும் இல்லை என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. விற்ற கடையில் கேட்டதற்கு, "நீ என்னமோ அழுத்திட்ட, மதர்போர்டு போச்சு, மூவாயிரம் ஆகும்" என்றார்கள். தோழியிடம் பென் டிரைவ் வாங்கி விண்டோஸ் 11 போட முயன்றார். 'இந்தக் கணினியில் விண்டோஸ் 11 இயங்காது' என்று வந்தது. நம்மிடம் வந்தபோது அவர் சொன்னது இதுதான்: "இதெல்லாம் நமக்குச் சரிப்பட்டு வராதுண்ணா."

அந்தச் சொல்தான் நம்மை உறுத்தியது. 'உனக்கு இது ஆகாது' என்று அடுத்தவர் சொல்லி நாம் நிறையக் கேட்டாகிவிட்டது. ஒரு கருவி சொல்லி அதை நம் பிள்ளைகள் நம்பக் கூடாது. அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறோம்.

குறை யாரிடம்?

2017-18இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியக் கிராமங்களில் நூற்றுக்கு நான்கு வீடுகளில்தான் கணினி இருந்தது. நம் காலனிகளில் இருப்பது பெரும்பாலும் கைமாறி வந்த கணினி, இல்லையென்றால் அக்காவுக்குப் பிளஸ் டூவில் அரசு கொடுத்து இப்போது தம்பி கைக்கு வந்த லேப்டாப்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்பை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கு 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. இடம், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு ஆகியவை வேண்டும். இன்டெல் பிராசசர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். 2017க்கு முன் செய்த லேப்டாப் அநேகமாக இதில் தேறாது. அது நிறுவனம் வைத்த விதி. கணினி கெட்டுவிட்டது என்று பொருளல்ல. உங்களுக்குத் தெரியவில்லை என்றும் பொருளல்ல.

வரிசையாகப் பாருங்கள்

முதலில், உள்ளே இருக்கும் சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் நகல்களை வெளியே எடுத்து வையுங்கள். புதிதாக இயங்குதளம் போடும்போது ஹார்ட் டிஸ்க்கை முழுவதும் அழித்துவிட வாய்ப்பு உண்டு.

பென் டிரைவ் செருகியும் பழைய திரையே வந்தால், லேப்டாப்பை அணைத்துவிட்டு, மீண்டும் போட்ட நொடியிலேயே பூட் மெனு விசையைத் தட்டுங்கள். டெல், லெனோவாவில் பொதுவாக எஃப்12. எச்.பி.யில் எஃப்9. ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பயாஸ் அமைப்புக்குள் போய் அதை முதலில் இயக்கிவிட வேண்டியிருக்கும். பயாஸுக்குப் பழைய உரிமையாளர் பாஸ்வேர்டு போட்டிருந்தால் இங்கேயே நின்றுவிடுவீர்கள். எனவே வாங்கும்போதே கடையில் பயாஸைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

பென் டிரைவ் திறக்கிறது, ஆனால் ஹார்ட் டிஸ்க்கைக் காட்டவில்லை என்றால், பயாஸில் 'சாட்டா மோட்' என்ற இடத்தைப் பாருங்கள். 'ரெய்டு' என்று இருந்தால் 'ஏ.எச்.சி.ஐ.' என்று மாற்றிப் பாருங்கள். அப்படியும் காட்டாமல், உள்ளிருந்து டக் டக் என்று சத்தம் கேட்டால் ஹார்ட் டிஸ்க் பழுதாகியிருக்கலாம்.

'இந்த டிஸ்க்கில் விண்டோஸ் நிறுவ முடியாது, எம்.பி.ஆர்.' என்று வந்தால், பூட் முறையும் டிஸ்க் பிரிக்கப்பட்ட முறையும் ஒத்துப்போகவில்லை. பயாஸில் 'யு.இ.எஃப்.ஐ.', 'லெகசி' என்று இரண்டு இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றினால் பெரும்பாலும் வழிவிடும்.

எல்லாம் முடிந்து வைஃபை மட்டும் வேலை செய்யவில்லையா? செல்போனைச் சார்ஜர் ஒயரால் லேப்டாப்பில் இணைத்து, போனில் 'யு.எஸ்.பி. டெதரிங்' என்பதைப் போடுங்கள். அந்த இணையத்திலேயே வைஃபைக்கான டிரைவரை இறக்கிவிடலாம்.

நாணய அளவுப் பேட்டரி

அந்த மாணவியின் லேப்டாப்பைத் திறந்து பார்த்தோம். தேதி 2013 சனவரி என்று காட்டியது. அங்கேதான் விடை இருந்தது. மதர்போர்டில் நாணயம் போல ஒரு சிறு பேட்டரி உண்டு. கைக்கடிகாரப் பேட்டரி மாதிரிதான். அது தீர்ந்துவிட்டால், சார்ஜரைக் கழற்றும்போதெல்லாம் தேதியும் பயாஸ் அமைப்பும் பழைய நிலைக்குப் போய்விடலாம். அமைப்பு மாறிவிட்டால் இயங்குதளம் திறக்காது. தேதி தவறாக இருந்தால் இணையதளங்கள் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று தடுக்கும். உதவித்தொகைத் தளமும் அப்படித்தான் தடுத்தது. மதர்போர்டு நன்றாகவே இருந்தது. புதுப் பேட்டரிக்கு ஆன செலவு ஐம்பது ரூபாய்க்குள்.

பிறகு லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தோம். அதற்கு 2 ஜி.பி. ராமும் 20 ஜி.பி. இடமும் இருந்தால் ஓடும், 4 ஜி.பி. இருந்தால் நன்றாக ஓடும். விலை கிடையாது. பென் டிரைவில் இருந்தபடியே ஓட்டிப் பார்த்துவிட்டு, பிடித்தால் நிறுவலாம். லிப்ரே ஆபீஸ் உள்ளேயே இருக்கிறது. தமிழ்99 விசைப்பலகையும் சேர்த்துக்கொள்ளலாம். கடைகளில் போட்டுத் தரும் திருட்டு விண்டோஸில், கூடவே வைரஸ் வரும் ஆபத்து உண்டு. வங்கிக் கணக்கு எண்ணை அதில் தட்டச்சு செய்வது நல்லதல்ல.

லினக்ஸ் நமக்குப் புதிதும் அல்ல. எல்காட் நிறுவனத்தின் மேலாண் இயக்குநராக இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர், அரசுக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றப் பாடுபட்டவர். 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் போட்டுத்தான் கொடுத்தார்கள். நம்மில் எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தோம்?

பில் கேளுங்கள்

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பழைய லேப்டாப் வாங்கினால், கடையின் பெயரும் லேப்டாப்பின் சீரியல் எண்ணும் எழுதிய பில்லைக் கட்டாயம் வாங்குங்கள். திருட்டுப் பொருள் கைமாறி வருவது உண்டு. காலனிப் பையன் கையில் பில் இல்லாத லேப்டாப் இருந்தால் முதல் சந்தேகம் யார் மேல் விழும் என்பது நமக்குத் தெரியும். பில் இருந்தால், கடைக்காரர் கோளாறுக்குப் பொறுப்பேற்க மறுக்கும்போது நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

தெருவுக்கு ஒருவர்

பெங்களூருவில் சுதர்சன் லேஅவுட் என்றொரு குடிசைப் பகுதி. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் அங்கே பழைய கணினிகளில் லினக்ஸ் போட்டு, அம்பேத்கர் பெயரில் ஒரு சமுதாயக் கணினி மையம் தொடங்கினார்கள். அந்தப் பிள்ளைகள் கிம்ப் மென்பொருளில் படம் வரையக் கற்றார்கள். பக்கத்து விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமப்புற மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறது. தமிழில் படிக்க 'கணியம்' மின்னிதழ் 2012 முதல் வருகிறது.

நம் ஊர் அம்பேத்கர் மன்றங்களிலும் இதைச் செய்யலாம். லினக்ஸ் ஏற்றிய 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று, ஒரு ஸ்க்ரூ டிரைவர், இரண்டு நாணயப் பேட்டரி போதும். தெருவில் ஒரு பிள்ளை கற்றுக்கொண்டால் மற்றவர்கள் கடைக்கு மூவாயிரம் அழ வேண்டியதில்லை.

2023 சனவரி 30 அன்று, இதே தண்டராம்பட்டு வட்டத்தில், தென்முடியனூர் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியல் சாதி மக்கள் நுழைந்தார்கள். அதற்கு மாவட்ட நிர்வாகமும் காவல் துறையும் கூட நிற்க வேண்டியிருந்தது. கணினியைத் திறக்க யாருடைய துணையும் அனுமதியும் தேவையில்லை. திரையில் வரும் வரியை நிதானமாகப் படித்து, எழுதி வைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்தால் போதும்.

அந்த மாணவி கடைசித் தேதிக்கு முன்பே விண்ணப்பித்துவிட்டார். போன வாரம் நம்மை அழைத்தார். "அண்ணா, எதிர்வீட்டுத் தம்பியோட லேப்டாப்பும் தேதி 2013னு காட்டுது. பேட்டரி வாங்கியாச்சு, எந்த மூடியைக் கழட்டணும்?" என்று கேட்டார்.