ஒரு மிடறு நீர்

உண்ணும்போது புரையேறினால், வீட்டுப் பெரியவர்கள் உச்சந்தலையில் தட்டி, "யாரோ உன்னை நினைக்கிறார்கள்" என்பார்கள். நினைப்பவர் யாராயினும் ஆகுக. உண்மையில் நடந்தது, உணவுக் குழாய்க்குச் செல்லவேண்டிய துளியொன்று வழி தவறி மூச்சுக் குழாயின் வாயிலை எட்டியதுதான். இருமல் எழுந்து அதனை வெளியே தள்ளிவிடுகிறது. அவ்விருமல் எழாவிட்டால்?

ஒரு மிடறு தொண்டையைக் கடக்க ஏறத்தாழ ஒரு விநாடியே ஆகும். அதற்குள் நாக்கு உணவைப் பின்னே தள்ளவேண்டும், குரல்வளை மேலெழவேண்டும், அதன் மூடி கவியவேண்டும், மூச்சும் ஒரு கணம் நிற்கவேண்டும். முப்பதுக்கு மேற்பட்ட தசைகள் பங்கு கொள்ளும் இவ்வியக்கத்தை ஒழுங்குபடுத்தும் மையம் முகுளத்தில் உள்ளது. பக்கவாதம் தாக்கிய முதற் சில நாட்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இவ்வொழுங்கு குலைகிறது. பார்க்கின்சன் நோயிலும் இது நேர்வதுண்டு. வழி தவறிய நீரும் எச்சிலும் நுரையீரலிற் புகுந்தால் நிமோனியா காணும். பக்கவாதத்திற்குத் தப்பியவர் இதற்குப் பலியாவதும் உண்டு.

சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1950-இல் நரம்பறுவை மருத்துவத்தைத் தொடங்கியவர் டாக்டர் பி. ராமமூர்த்தி. டாக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958-இல் நிறுவிய அடையாறு வி.எச்.எஸ். மருத்துவமனையிலும் பிற்காலத்தில் அவர் பணியாற்றினார். இத்தகைய நிலையங்களில் இன்று நுண்கருவிகள் பல உள. ஆயினும் விழுங்குதலின் முதற் சோதனைக்கு வேண்டியவை ஒரு கரண்டியும் ஒரு தம்ளர் நீருமே.

நோயாளி விழிப்புடன் இருக்கிறாரா, நிமிர்ந்து அமர முடிகிறதா, இருமச் சொன்னால் இருமுகிறாரா, தம் எச்சிலை விழுங்குகிறாரா என்று முதலில் நோக்குவர். இவை சரியானால் ஒரு சிறு கரண்டி நீர் தருவர். பின்னர், 1992-இல் வெளியான ஒரு முறைப்படி, 90 மில்லிலிட்டர் நீரை இடையறாது பருகச் செய்வர். இருமல் வந்தாலும், அடுத்த ஒரு நிமிடத்திற்குள் "ஆ" என்னும் குரல் நீர் தளும்பினாற்போல் ஒலித்தாலும், சோதனையை நிறுத்தி, வாய்வழி எதுவும் தராமல் வல்லுநரை அழைப்பர். மாத்திரையும் அதில் அடங்கும்.

2007-இல் ஆஸ்திரியாவில் வகுக்கப்பட்ட மற்றொரு முறை கூழ் போன்ற பண்டத்தை முதலிலும் நீரைப் பின்னரும் தருகிறது. "நீரைவிட எளிது எது?" என்று நீங்கள் வினவலாம். நீர் விரைந்தோடுவது, தளர்ந்த தொண்டை மூடிக்கொள்ளுமுன் அது உள்ளே பாய்ந்துவிடும். கெட்டியான கேழ்வரகுக் கூழோ மெல்ல நகரும். நாம் எளிதென்று ஊட்டும் ரசஞ்சாதம் இன்னும் கடினமானது: நீரும் பருக்கையும் இருவேறு வேகத்தில் இறங்குவன.

இச்சோதனைக்கும் எல்லையுண்டு. தொண்டையின் உணர்ச்சி மங்கியவர்க்கு நீர் உள்ளே சென்றாலும் இருமல் வாராது. ஐயம் இருப்பின், பேரியம் கலந்த உணவைத் தந்து எக்ஸ்ரே வழியே காண்பர். அல்லது மூக்கின் வழியே மெல்லிய அகநோக்கியைச் செலுத்திப் பார்ப்பர். மயஸ்தீனியா என்னும் நோயிலோ முதற் கவளங்கள் நன்றாக இறங்கும். உண்ண உண்ணத் தசை களைத்துப் பாதி உணவிற் சிக்கும். நான்கு கரண்டியோடு முடிவு கட்டினால் இதனைக் காணத் தவறுவோம்.

மயிலாப்பூர் வீடுகளிலே அண்ணாந்து, உதடு படாமல் நீர் பருகும் வழக்கம் இன்றும் உண்டு. தூய்மைக்கு நன்றே. ஆனால் தலை பின்சாயும்போது நீர் தானே தொண்டைக்குள் விழும். மூச்சுவழியும் விரிந்து நிற்கும். வாய் உலர்ந்து கிடக்கும் பாட்டனாரைக் கண்டு மனம் பொறாத பேரன், அவர் தலையைச் சாய்த்துத் தம்ளரைக் கவிழ்ப்பது இவ்வாறே. சோதனை முடியும்வரை ஈரத்துணியால் அவர் வாயைத் துடைத்துக்கொண்டிருக்கலாம்.