மருந்து எழுதாத டாக்டர்

பாட்டிக்கு இடது இடுப்பில் வலி. கைத்தடி வாங்கியாயிற்று. எந்தக் கையில் பிடிக்க வேண்டும்? வலிக்கிற பக்கத்துக்குத்தானே தாங்கல் வேண்டும் என்று நம்மில் பெரும்பாலோர் இடது கையில் கொடுத்துவிடுவோம். பிசியோதெரபி படித்தவரோ வலது கைக்கு மாற்றச் சொல்வார். காரணம், மாணவியரே, நீங்கள் பௌதிகத்தில் படித்த நெம்புகோலில் இருக்கிறது.

நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் சற்று நேரம் ஒற்றைக் காலில் நிற்கிறோம். இடது காலில் நிற்கையில் உடலின் பாரம் இடுப்பெலும்பை வலப்புறம் சாய்க்கப் பார்க்கிறது. அதைச் சாயவிடாமல் இழுத்துப் பிடிப்பது இடது இடுப்பின் வெளிப்புறத் தசை. நெம்புகோலின் ஆதாரம் இடது இடுப்பு மூட்டு. பாரம் மூட்டுக்குத் தள்ளியும் தசை மூட்டுக்கு அருகிலும் இருப்பதால், தசை பாரத்தைவிட அதிக விசையோடு இழுக்க வேண்டியிருக்கிறது. பாரமும் இழுப்பும் சேர்ந்து மூட்டை நெருக்குகின்றன. தேய்ந்த மூட்டு வலிக்காமல் என்ன செய்யும்? வலது கையிலுள்ள தடி, மூட்டுக்கு வெகு தொலைவில் தரையை அழுத்துகிறது. தூரம் அதிகமாதலால் சிறிது ஊன்றினாலே தசையின் சுமை வெகுவாகக் குறைகிறது.

உடல் முழுவதற்கும் இத்தகைய கணக்குகளைக் கற்று, அவற்றைக் கொண்டு நோயாளியை எழுந்து நடக்கச் செய்வதற்கு அமெரிக்காவில் ஒரு டாக்டர் பட்டமே இருக்கிறது. ‘டாக்டர் ஆஃப் பிசிகல் தெரபி’, சுருக்கமாக டி.பி.டி. என்பது அதன் பெயர். நாம் பிசியோதெரபி என்பதைத்தான் அவர்கள் பிசிகல் தெரபி என்கிறார்கள். இந்த டாக்டர்கள் அறுவை செய்வதில்லை. மருந்துச் சீட்டு எழுதுவதும் பொதுவாக இவர்கள் வேலையன்று. ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிப் பெறும் பிஎச்.டி.யும் இதுவல்ல. நோயாளியின் பக்கத்தில் நின்று வேலை செய்வதற்கான தொழிற்பட்டம் இது.

நான்காண்டுக் கல்லூரிப் படிப்பு முடித்து, உயிரியல், இரசாயனம், பௌதிகம், உளவியல், புள்ளியியல் போன்ற பாடங்களில் தேறியவர்களே பொதுவாக இதில் சேர்கிறார்கள். பிறகு பெரும்பாலும் மூன்று ஆண்டுகள். முதலாண்டின் பெரும்பாரம் உடற்கூறு. பல கல்லூரிகளில், இறந்தபின் தம் உடலைக் கல்விக்கென்று எழுதிவைத்தவர்களின் உடல்களே பாடப்புத்தகம். அவர்களுக்காக நன்றிக் கூட்டம் நடத்தும் கல்லூரிகளும் உண்டு, நல்ல வழக்கம். மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது என்பதைக் கோனியோமீட்டர் என்ற கருவியால் அளக்கப் பழகுகிறார்கள். தசையின் வலுவுக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. புவியீர்ப்பை எதிர்த்துக் கையை முழுதும் தூக்க முடிந்தால் 3. அதற்குமேல் நாம் அழுத்தியும் தாக்குப்பிடித்தால் 4 அல்லது 5. நம் பள்ளியில் 3 வாங்கினால் அழுவோம். பக்கவாதம் வந்தவருக்கு அது பெரிய வெற்றி!

பக்கவாதத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும. வலது கை சரிவர வராதபோது நோயாளி எல்லாவற்றுக்கும் இடது கையையே நீட்டுவார். பயன்படாத கையை மூளையும் மெல்ல மறக்கிறது. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் இதற்கு ஒரு வழி கண்டார். நல்ல கைக்கு ஓர் உறையை மாட்டிவிட்டு, வராத கையாலேயே தம்ளரை எடு, பித்தானைப் போடு என்று நாள்தோறும் பல மணி நேரம் பழக்குவது. கொஞ்சமேனும் அசைவு மிஞ்சியிருக்கும் கைக்கே இது உதவும். ஆனால் மூளை தன் பாதைகளை மாற்றியமைக்கக் கூடியது என்பதை இதில் கண்கூடாகப் பார்க்கலாம். இத்தகைய நோயாளிகளோடு பழகவே, படிப்பின்போது குறைந்தது 30 வாரங்கள் மருத்துவமனைகளிலும் சிகிச்சை நிலையங்களிலும் பயிற்சி பெறுகிறார்கள்.

இத்தொழிலை அங்கே தொடங்கி வைத்தவர்கள் பெண்கள். முதல் உலகப் போரில் காயமுற்ற வீரர்களுக்கு உடற்பயிற்சியும் மசாஜும் அளிக்க 1918-இல் பல பெண்கள் அவசரமாகப் பயிற்றுவிக்கப்பட்டனர். அவர்களுக்குக் கற்பித்த மேரி மக்மில்லன், 1921-இல் தோன்றிய பெண்கள் சங்கத்தின் முதல் தலைவியானார். ஆண்கள் பின்னரே சேர்க்கப்பட்டனர். அடுத்து வந்தது போலியோ. நோயுற்ற கை கால்களை அசையாமல் கட்டிவைப்பதே அன்றைய வழக்கம். ஆஸ்திரேலியாவிலிருந்து 1940-இல் வந்த எலிசபெத் கென்னி, சுடுநீரில் நனைத்த கம்பளித் துணியைச் சுற்றி, தசைகளைப் பழக்கினார். மருத்துவர்கள் பலர் சினந்தார்கள். அவர் நோய்க்குச் சொன்ன விளக்கம் எல்லாருக்கும் ஏற்புடையதாக இல்லை. ஆனாலும் கட்டிவைக்கும் வழக்கம் தளர்ந்தது. அவரை ‘சிஸ்டர் கென்னி’ என்றே உலகம் அறியும். அவர் கன்னியாஸ்திரீ அல்லர்; ஆஸ்திரேலியப் படையின் நர்சுப் பிரிவு வழங்கிய பதவிப் பெயர் அது.

நெடுங்காலம் பி.எஸ்.சி., பிறகு எம்.எஸ். என்றிருந்த படிப்பை முதன்முதலில் டி.பி.டி. ஆக்கியது ஒமாஹா நகரில் இயேசு சபையார் நிறுவிய கிரெய்ட்டன் பல்கலைக்கழகம். 1993-இல் தொடங்கிய அப்படிப்பில் 1996-இல் முதல் அணி வெளிவந்தது. 2016 முதல் அந்நாட்டுக் கல்லூரிகள் அனைத்திலும் இத்தொழிலுக்கு இதுவே நுழைவுப் பட்டம். முன்பே உரிமம் பெற்றிருந்தவர்கள் பழைய பட்டத்தோடே தொழில் செய்யலாம்.

இது தேவைதானா என்ற கேள்வி அங்கேயே எழுகிறது. டாக்டரின் சீட்டு இல்லாமல் நோயாளி நேரே இவர்களிடம் வர, சிற்சில கட்டுப்பாடுகளுடன், 50 மாநிலங்களும் இடமளிக்கின்றன. முதுகுவலி என்று வருபவருக்கு இருப்பது தசைப்பிடிப்பா, முறிவா, புற்றுநோயா என்று சந்தேகித்து உரிய இடத்துக்கு அனுப்பத் தெரிய வேண்டும். அதற்கு ஆழ்ந்த படிப்பு வேண்டும் என்பது நியாயமே. ஆனால் ஏழாண்டுச் செலவு? ஒரு லட்சம் டாலருக்கு மேல் கடனோடு வெளியேறுவோர் பலர். சம்பளம் அதற்கேற்ப உயரவில்லை என்று குறைப்படுகிறார்கள். பட்டத்தின் பெயர் நீண்ட அளவுக்குப் பை நிறையவில்லை என்பதே என் எண்ணமும்.

பெற்றோர் கவனிக்க: நம் நாட்டில் பிளஸ் டூ முடித்ததும் நேரே பி.பி.டி. சேரலாம். அதை முடித்து அமெரிக்கா செல்ல விரும்பும் பெண், அங்குள்ள படிப்புக்குத் தன் படிப்பு ஈடானது என்று பாடம் பாடமாக மதிப்பிட்டுச் சான்று பெற வேண்டும். குறையும் பாடங்களைப் படித்துத் தேற வேண்டியும் வரலாம். அதன்பின் அந்நாட்டார் எழுதும் அதே உரிமத் தேர்வை எழுத வேண்டும். 200 முதல் 800 வரையான அளவில் 600 பெற்றால் தேர்ச்சி.